புதிய ஸ்பின்னிங் ராடுக்கு எந்த பவர் வேண்டும்? டெல்டாவில் தூண்டில் பிடிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரே ஆண்டில் நான் மூன்று ஸ்பின்னிங் ராடு, அதாவது ரீல் மாட்டித் தூண்டில் எறியும் கம்பு, வாங்கினேன். பெரிய மீனுக்குப் பெரிய கம்பு என்று எண்ணி 2,800 ரூபாய் கொடுத்து வாங்கிய முதல் ராடு ஹெவி, எளிதில் வளையாத வகை. அதில் ஸ்பூன் என்ற 7 கிராம் உலோகச் செயற்கை இரையைக் கட்டி எறிந்தால், கரையோரத்துக் கோரையைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் கசப்பில் எதிர்த்திசைக்குப் போய் 1,900 ரூபாய்க்கு ஒரு லைட் ராடு வாங்கினேன். எறிதல் அருமையாக இருந்தது. ஆனால் வெண்ணாற்றங்கரையில் ஒரு நாள் மாலை வெங்காயத்தாமரைக்குள்ளிருந்து விரால் கவ்வியபோது, ராடு பிடி வரை வளைந்து நின்றதே தவிர மீனை ஒரு முழம்கூட நகர்த்த முடியவில்லை. தூண்டில் நரம்பு அறுந்து, வாயில் முள்ளோடு மீன் போய்விட்டது. பணம் போனதைவிட அந்த முள்தான் பல நாள் மனத்தை உறுத்தியது.

அணைக்கரையில் பல ஆண்டுகளாகத் தூண்டில் போடும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, மீனு எத்தனை கிலோன்னு கேட்டுக் கம்பு வாங்கியிருக்க. அது கூட இழுத்துக்கிட்டு வர்ற பாசி எத்தனை கிலோன்னு கேக்கலையே" என்றார். ராடின் பவரை முடிவு செய்வது மீனின் எடை மட்டுமல்ல, நீங்கள் எறியும் பொருளின் எடையும் மீனை எங்கிருந்து இழுத்து வர வேண்டும் என்ற இடமும்தான் என்பது அவர் பேச்சிலிருந்துதான் எனக்குப் பிடிபட்டது. அந்த இரண்டையும் கணக்கிட்டு மூன்றாவது ராடை வாங்கினேன். முதல் இரண்டு ராடுக்குப் போன 4,700 ரூபாய் உங்களுக்காவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக, அந்தக் கணக்கைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. பவர் வேறு, ஆக்‌ஷன் வேறு

ராடை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்வது பவர். அல்ட்ரா லைட், லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று அது ஏறிக்கொண்டே போகும். ராடு எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்பதைச் சொல்வது ஆக்‌ஷன். நுனிப் பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுப்பகுதி வரை வளைந்தால் மாடரேட், ஏறக்குறைய பிடி வரை வளைந்தால் ஸ்லோ. லைட் பவர் ராடு ஃபாஸ்ட் ஆக்‌ஷனாகவும் இருக்கலாம், மீடியம் ஹெவி ராடு மாடரேட் ஆக்‌ஷனாகவும் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

புதியவர் விழும் முதல் குழி இங்கேதான் இருக்கிறது. கடையில் ராடைக் கையில் எடுத்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்து, நுனி துவண்டால் "இது வலுவில்லாதது" என்றும், விறைப்பாக நின்றால் "இது வலுவானது" என்றும் முடிவு கட்டுகிறோம். வெறுங்கையால் ஆட்டும்போது நமக்குத் தெரிவது பெரும்பாலும் ஆக்‌ஷனும் ராடின் கனமும்தான். சுமை ஏற்றிப் பார்த்தால் ஒழிய பவர் தெரியாது.

இரண்டாவது குழி, இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் கிடையாது என்பது. ஒரு நிறுவனத்தின் மீடியம், இன்னொரு நிறுவனத்தின் மீடியம் ஹெவியாக இருக்கலாம். ஆகவே நண்பர் ஒருவர் "மீடியம் வாங்கு" என்று சொன்னால், எந்த நிறுவனத்து மீடியம், அதில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பெயரை ஏறத்தாழ ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, எண்களை நம்புங்கள்.

2. எந்தத் தண்ணீரில் போடப்போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் போகக்கூடிய இரண்டு மூன்று இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். கனவில் இருக்கும் இடங்களை எழுத வேண்டாம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒரு முறை முத்துப்பேட்டைக்குப் போகலாம் என்ற எண்ணத்தில் ராடு வாங்கினால், மற்ற எல்லா நாட்களிலும் அரசலாற்றின் கரையில் பொருந்தாத கம்போடுதான் நிற்பீர்கள்.

டெல்டாவில் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை. ஊர்க் குளங்கள், வடிகால் வாய்க்கால்கள், ஆறுகளின் ஓரத் தேக்கங்கள் ஆகியவற்றில் வெங்காயத்தாமரையும் அல்லியும் பாசியும் அடைத்துக் கிடக்கும், கரையில் காட்டாமணக்கு மண்டியிருக்கும். அங்கே முக்கியமான மீன் விரால். கவ்விய மறுநொடி அது தண்டுகளுக்குள் தலையைப் புதைக்கும். ஒரு கிலோ விராலோடு அதைவிடப் பல மடங்கு கனமான செடிக்கற்றையும் சேர்ந்துதான் கரைக்கு வரும். ஆகவே இந்த நீரில் மீனின் எடையைவிடப் பெரிய பவர் தேவைப்படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. பாசியின் மேல் இழுக்கப் பயன்படும் ரப்பர் தவளையின் முட்கள் தடித்தவை. அவை விராலின் கெட்டியான வாயில் இறங்க வேண்டுமானால், ராடு சட்டென்று விசையைக் கடத்த வேண்டும். துவளும் ராடு அந்த விசையைத் தானே விழுங்கிவிடும்.

திறந்த ஆற்றில் கணக்கு வேறு. கொள்ளிடத்தின் மணல் திட்டுகளை ஒட்டிய மடுக்கள், காவிரியில் தடுப்பணைகளுக்கும் ரெகுலேட்டர்களுக்கும் கீழே நீர் சுழலும் இடங்கள் ஆகியவற்றில் மீன் ஓடுவதற்கு இடம் இருக்கிறது, ஒளிவதற்குச் செடி குறைவு. ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம் என்பதால் மென்மையான ராடே போதும். ஆற்று வாளை போன்ற பெரிய மீன் வரக்கூடிய இடமாக இருந்தால் மட்டும் ஒரு படி ஏறிக்கொள்ளலாம்.

முகத்துவாரங்கள் மூன்றாவது வகை. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு, அரசலாறு சேரும் காரைக்கால், கோரையாறும் பாமணியாறும் வந்து இறங்கும் முத்துப்பேட்டைக் காயல் ஆகிய இடங்களில் கொடுவாவும் செப்பிலியும் இருக்கும். இரண்டும் கவ்வியவுடன் வேருக்கும் கல்லுக்கும் தூணுக்கும் பாய்பவை. வேரை எட்டுவதற்கு முன் முதல் சில நொடிகளில் திருப்பாவிட்டால், கிளிஞ்சல் ஒட்டிய கல்லில் நரம்பு உரசி அறுந்துவிடும்.

பூம்புகார், தரங்கம்பாடி கடற்கரையில் அலைக்கு அப்பால் எறிய வேண்டுமானால் அதற்கென்றே நீளமான ராடுகள் தனியாக இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதல்ல. ஏழடி ஸ்பின்னிங் ராடைக் கொண்டு கடற்கரை மணலில் நின்று ஏமாற வேண்டாம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களின் பாதுகாப்பான பகுதியில் நின்று போடுவதற்கு மட்டும் அது உதவும்.

அதே தாளில், நீங்கள் நிற்கும் இடம் நீரிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் பாதிப் பேர் பாலத்தின் மீதும் மதகின் மீதும் நின்றுதான் போடுகிறோம். நீரில் மிதக்கும் மீனை இழுப்பதும், அதே மீனை அந்தரத்தில் தூக்குவதும் ஒன்றல்ல. ராடால் தூக்கும் பழக்கத்துக்காகப் பவரை ஏற்றி வாங்காதீர்கள். கயிறு கட்டிய கைவலை ஒன்றைத் தனியாக வாங்குவதே சரி.

3. எறியப்போகும் பொருளைத் தராசில் வையுங்கள்

என் முதல் ராடு பயன்படாமல் போனதற்கு முழுக் காரணமும் இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான். எறியும்போது லூரின், அதாவது செயற்கை இரையின், எடைதான் ராடை வளைக்கிறது, வளைந்த ராடு நிமிரும்போதுதான் லூர் பறக்கிறது. லூர் ராடின் அளவுக்கு இலேசாக இருந்தால் ராடு வளைவதே இல்லை, கையின் வேகம் மட்டுமே லூரைத் தள்ளுகிறது. அளவுக்கு மிஞ்சிக் கனமாக இருந்தால் ராடு வளைந்தபடியே திணறும், வேகமாக வீசினால் முறியவும் செய்யும்.

சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசே போதுமானது. நரம்பின் நுனியில் கட்டப்போகும் மொத்தப் பொருளையும் ஒன்றாக வைத்து நிறுங்கள். ஈயத் தலை வைத்த முள்ளான ஜிக் ஹெட் 7 கிராம் என்று அட்டையில் போட்டிருக்கும், அதில் செருகும் ரப்பர் மீன் இன்னும் 5 கிராம் இருக்கும். ஆக நீங்கள் எறிவது 12 கிராம். தவளை லூரும் அப்படியே, பின்னால் ஸ்பின்னர் தகடு சேர்த்தால் எடை மாறிவிடும். அட்டையில் அவுன்ஸ் என்று இருந்தால், ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம், கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மண்புழுவும் மாவுருண்டையும் வைத்துக் கெளுத்தி, ரோகு, கட்லாவுக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்டத்தில் இரை நகராமல் நிற்க 40 அல்லது 50 கிராம் ஈயக்குண்டு கட்டுகிறோம், அதன் மேல் பெரிய மாவுருண்டை ஒன்று. மொத்தம் 70 கிராமை எட்டும் அந்தச் சுமையை, 21 கிராம் வரை என்று எழுதியிருக்கும் மீடியம் ராடில் கட்டி முழு வீச்சில் எறிந்து நுனி முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரைத் தூண்டில்தான் உங்கள் முதன்மையான வேலை என்றால், லூர் ராடு வாங்காதீர்கள். கனமான எடைக்குரிய ராடாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்களிடம் இன்னும் லூர் எதுவும் இல்லையென்றால், முதலில் இரண்டு மூன்று லூர்களை முடிவு செய்யுங்கள், பிறகு ராடைத் தேடுங்கள். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

4. ராடில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

பிடிக்குச் சற்று மேலே நான்கு செய்திகள் அச்சிடப்பட்டிருக்கும்: நீளம், பவர், எத்தனை பவுண்டு நரம்புக்கு, எத்தனை கிராம் லூருக்கு. மாதிரி எண்ணில் 702 எம்ஹெச் என்று இருந்தால், பெரும்பாலும் 7 அடி 0 அங்குல நீளம், 2 துண்டு, மீடியம் ஹெவி என்று பொருள். 662 எம்எல் என்றால் ஆறரை அடி, 2 துண்டு, மீடியம் லைட். எல்லா நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், எண்ணை வாசித்த பிறகு நீளத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கிராம் கணக்கில் 7 முதல் 21 வரை என்று இருந்தால், இரண்டு முனைகளிலும் ராடு சரியாக வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். நடுப்பகுதியில்தான் அது சொகுசாக எறியும். அந்த ராடுக்கு 10 முதல் 16 கிராம் வரை பொருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அதிகம் எறியும் எடை, எழுதியிருக்கும் வரம்பின் நடுவில் விழ வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தாலே பாதித் தவறுகள் குறையும்.

சில ராடுகளில் பவுண்டுக்குப் பதிலாக பிஇ 1, பிஇ 2 என்று இருக்கும். அது பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நரம்பின் பருமனைக் குறிக்கும் எண். பிஇ 1 என்பது சுமார் 0.165 மில்லிமீட்டர். ஒரே பிஇ எண் உள்ள இரண்டு நரம்புகள் வெவ்வேறு பவுண்டு தாங்கலாம் என்பதால், இதை வலுவின் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பின் கீழ்ப்பக்கம் விரல் மாட்டும் கொக்கி போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது பெயிட்காஸ்டிங் ரீலுக்கான ராடு. ஸ்பின்னிங் ரீலை அதில் மாட்டாதீர்கள். ஸ்பின்னிங் ராடில் வளையங்கள் கீழ்நோக்கி இருக்கும், பிடிக்கு அருகில் உள்ள முதல் வளையம் நன்றாகப் பெரிதாக இருக்கும்.

5. இப்போது முடிவு செய்யுங்கள்

கீழே தரும் எண்கள் ஏறத்தாழச் சரியானவை. கடையில் ராடின் மேல் எழுதியிருப்பதே இறுதி.

வாய்க்காலில் ஜிலேபி, சிறு கெளுத்தி, கெண்டை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்பவருக்கு 2 முதல் 8 கிராம் வரை எறியும் லைட் போதும். சிறிய முள், மெல்லிய நரம்பு, சிறிய வாய் ஆகிய மூன்றுக்கும் மென்மையான ராடுதான் பொருந்தும். விறைப்பான ராடில் இழுத்தால் சிறு முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் இதே ராடோடு தாமரைக் குளத்துக்குப் போகாதீர்கள். என் வெண்ணாற்றுக் கதை உங்களுக்கும் நடக்கும்.

செடி குறைந்த திறந்த ஆற்றில் 5 முதல் 15 கிராம் வரை ஸ்பூன், மீன் வடிவ லூரான சிறு மினோ, ஜிக் எறிபவருக்கு மீடியம் லைட் அல்லது மீடியம். இரண்டுக்கும் நடுவே தயங்கினால், ஆற்றோடு ஓரக் குளங்களுக்கும் போவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். போவீர்கள் என்றால் மீடியம். ஒரே ஒரு ராடுக்குத்தான் பணம் இருக்கிறது, எங்கே போவேன் என்று இன்னும் தெரியவில்லை என்று சொல்பவருக்கும் நான் சொல்வது ஏழடி நீளம், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 7 முதல் 21 கிராம் வரை. என் மூன்றாவது ராடும் அதுதான். பாசி ஓரளவு உள்ள இடங்களில் சமாளிக்கிறேன், அடர்ந்த இடங்களை விட்டுவிடுகிறேன்.

விரால் ஒன்றே குறி, தவளை லூர் ஒன்றே ஆயுதம் என்று இருப்பவருக்கு மீடியம் ஹெவிதான் சரி. 10 முதல் 28 அல்லது 30 கிராம் வரை எழுதியிருக்கும் ராடாகப் பாருங்கள். தவளை லூர்கள் பெரும்பாலும் 10 முதல் 20 கிராமுக்குள் இருப்பதால், அவை இந்த வரம்புக்குள் அழகாக உட்காரும். ஹெவி வேண்டாம். அதில் சிறிய தவளை எறியவே வராது. இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: நீரின் மேல் சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று சேர்ந்து மேலெழுந்து அமிழ்வதைக் கண்டால், அதன் அடியில் தாய் தந்தை விரால் காவல் நிற்கும். குஞ்சுக்கு அருகில் எது விழுந்தாலும் அவை பாய்ந்து தாக்கும் என்பதால் பிடிப்பது மிக எளிது. ஆனால் அவற்றைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். லூரைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடுங்கள்.

முகத்துவாரத்தில் கொடுவாவுக்குப் போகிறவருக்கும் மீடியம் ஹெவிதான், காரணம் மட்டும் வேறு. அங்கே 15 முதல் 25 கிராம் வரையிலான மினோவையும் ரப்பர் மீனையும் எதிர்க்காற்றில் எறிய வேண்டியிருக்கும், கவ்விய மீனை வேரிலிருந்து திருப்பவும் வேண்டும். திறந்த நீரில் பாலத்தூண் எதுவும் இல்லாத இடமாக இருந்தால் மீடியமே போதும், கொடுவா துள்ளித் தலையை உதறும்போது சற்று வளைந்து கொடுக்கும் ராடில் முள் கழன்று போவதும் குறைவு.

6. நரம்பும் ரீலும் ராடின் பவருக்குள் அடங்க வேண்டும்

ராடைச் சரியாக வாங்கிவிட்டு நரம்பில் கோட்டை விடுபவர்கள் அதிகம். பிரெய்டு மெல்லியதாகவும் வலுவானதாகவும் இருப்பதால், 8 முதல் 14 பவுண்டு என்று எழுதியிருக்கும் ராடிலும் 30 பவுண்டு நரம்பைச் சுற்ற முடிகிறது. சுற்றுவதில் தவறில்லை, செடித் தண்டிலும் கல்லிலும் உரசினால் தாங்கும். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ரீலின் டிராக்கை அந்த 30 பவுண்டுக்கு ஏற்றபடி இறுக்குவதுதான் தவறு. முன்பெல்லாம் நைலான் தங்கூசி முதலில் அறுந்து ராடைக் காப்பாற்றியது. இப்போது நரம்பு அறாது, ராடுதான் முறியும்.

டிராக்கை நரம்பின் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். அந்தக் கணக்கை நரம்பின் எண்ணுக்கும் ராடின் மேல்வரம்புக்கும் தனித்தனியாகப் போட்டு, இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். 14 பவுண்டு என்பது சுமார் 6.3 கிலோ, அதில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 2 கிலோ. ஆகவே 14 பவுண்டு மேல்வரம்புள்ள மீடியம் ராடில் எவ்வளவு தடித்த நரம்பு சுற்றியிருந்தாலும் டிராக் 2 கிலோவைத் தாண்டக் கூடாது. 20 பவுண்டு, அதாவது 9 கிலோ மேல்வரம்புள்ள மீடியம் ஹெவியில் 3 கிலோ. மீன் நிறுக்கும் தொங்கு தராசை நரம்பின் நுனியில் கட்டி, டிராக் நழுவத் தொடங்கும்போது எண்ணைப் பாருங்கள். ஒருமுறை செய்துவிட்டால் கைக்கே பழகிவிடும்.

மீன் பாசிக்குள் மாட்டிக்கொண்டால் ராடை உயர்த்தி உயர்த்தி இழுக்காதீர்கள். ராடை மீனை நோக்கி நேராகத் தாழ்த்தி, ரீலின் சுருளைக் கையால் அழுத்திக்கொண்டு, நிதானமாகப் பின்னால் நடங்கள். சுமை முழுவதும் நரம்பில் விழும், ராடுக்கு ஒன்றும் ஆகாது. பிரெய்டு விரலில் சுற்றினால் ஆழமாக அறுத்துவிடும் என்பதால், அதைக் கையில் சுற்றிக்கொண்டு மட்டும் இழுக்கவே கூடாது.

ரீலைப் பொறுத்தவரை, லைட் ராடுக்கு 1000 அல்லது 2000, மீடியத்துக்கு 2500 அல்லது 3000, மீடியம் ஹெவிக்கு 3000 அல்லது 4000 எண் ரீல்கள் ஒத்துவரும்.

7. வாங்குமுன் ஒரு சுமைச் சோதனை

கடைக்காரர் இசைந்தால், ராடை முழுவதும் பொருத்தி, வளையங்கள் வழியாக நரம்பைக் கோத்து, நுனியைத் தொங்கு தராசில் கட்டி, ஒருவர் தராசைப் பிடித்துக்கொள்ள நீங்கள் மெதுவாக வளையுங்கள். ராடு தரையோடு 45 பாகைக்கு மேல் நிமிர வேண்டாம். ஒரு கிலோ காட்டும்போது நுனி மட்டும் வளைகிறதா, பாதி வரை வளைகிறதா, பிடியே வளைகிறதா என்று பாருங்கள். ஒரு கிலோவிலேயே பிடி வரை வளைந்துவிட்டால், மேலே என்ன எழுதியிருந்தாலும் அது பாசிக்கு ஆகாது.

வீட்டில் இரண்டு ராடை ஒப்பிட இன்னொரு வழி இருக்கிறது. பிடியை மேசையில் அழுத்திப் பிடித்து ராடைக் கிடைமட்டமாக நீட்டி, நுனியில் ஒரு பாலிதீன் பையைத் தொங்கவிட்டு, 50 மில்லி 50 மில்லியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழடி ராடுக்கு அது சுமார் 71 சென்டிமீட்டர். ஒரு மில்லி நீர் ஒரு கிராம் என்பதால், ஊற்றிய அளவே அந்த ராடின் வலு. இரண்டு நிறுவனங்களின் மீடியத்தை இப்படி ஒப்பிட்டபோதுதான், அந்தப் பெயருக்கு எவ்வளவு குறைந்த பொருள் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. நண்பரின் ராடு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதை இப்படி அளந்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது ஒப்பிட உதவும்.

8. செலவு, ரசீது, பெட்டி

கடைசியாக நான் சரியாக வாங்கியபோது ஆன கணக்கு இது: ராடு 3,400, ரீல் 2,600, 100 மீட்டர் பிரெய்டு 700, லூருக்கு முன்னால் கட்டும் லீடர் நரம்பு 300, நான்கு லூர் 1,000. மொத்தம் 8,000 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறும். பணம் குறைவாக இருந்தால் லூரின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ராடிலும் ரீலிலும் ஒன்றில் சிக்கனம் பிடிக்க வேண்டிவந்தால், டிராக் சீராக நழுவும் ரீலை விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணாடி இழை ராடு கார்பன் ராடைவிடக் கனம், ஆனால் அடிபட்டால் எளிதில் நொறுங்காது. டிவிஎஸ் வண்டியிலும் பேருந்திலும் ராடைக் கொண்டுபோகிறவர் அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ரசீது கட்டாயம் வேண்டும். அதில் "ஃபிஷிங் ராடு 1" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். மாதிரி எண்ணையும் பவரையும் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் நான் வாங்கிய ஒரு ராடில், பெட்டியின் மேல் மீடியம் என்றும் உள்ளே இருந்த கம்பில் மீடியம் ஹெவி என்றும் இருந்தது. ரசீதில் மாதிரி எண் இருந்ததால்தான் மாற்றிக் கேட்க முடிந்தது, அதற்கும் மூன்று வாரம் பிடித்தது. பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடியுங்கள். நுனி வளையத்தின் உள்ளே பஞ்சை ஒருமுறை நுழைத்து எடுங்கள், இழை சிக்கினால் வளையத்தில் கீறல் இருக்கிறது, அது பிரெய்டை அறுக்கும். மாற்றித்தரும் நாள் முடியும்வரை பெட்டியையும் உறையையும் வீசாதீர்கள்.

உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான். கதவில் நசுங்கியது, மிதிபட்டது, மீனைத் தூக்கும்போது முறிந்தது ஆகியவற்றை ஏற்க மாட்டார்கள்.

9. எப்போது வாங்குவது, எங்கே அனுமதி கேட்பது

மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள், அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து அந்த நாள் மாறும். புது நீர் கலங்கலாக வரும்போது லூரை மீன் பார்ப்பது கடினம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறுகளும் வடிகால்களும் நிரம்பி ஓடும், கரை வழுக்கும். கற்றுக்கொள்ள நல்ல காலம் மழை ஓய்ந்து நீர் தெளியும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஆகவே டிசம்பரில் ராடை வாங்கி, ஆள் இல்லாத திடலில் முள் இல்லாத எடையைக் கட்டி எறிந்து பழகுங்கள். இணையத்தில் வாங்கினால் மாற்றுவதற்கான மூன்று வாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஊர்க் குளங்களிலும் ஏரிகளிலும் மீன்பாசி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் குத்தகைதாரர் யார் என்று கேட்டு, அவரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போடுங்கள். கோயில் குளங்களில் வேண்டவே வேண்டாம். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்திலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ராடு வாங்கிய பிறகு இந்த இடமே கிடைக்காது என்று தெரிந்தால், அந்த இடத்துக்காகத் தேர்ந்த பவரும் வீண். அதனால்தான் அனுமதியை முன்பே கேட்டுவிடச் சொல்கிறேன்.

10. முதல் நாள்

ராடின் இரண்டு துண்டையும் பொருத்தும்போது வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, சற்றே திருகி இறுக்குங்கள். பத்துப் பதினைந்து எறிதலுக்கு ஒருமுறை பொருத்தைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்த பொருத்தில்தான் பல ராடுகள் பிளக்கின்றன. மீன் காலடிக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள். அப்போது நுனி மட்டும் மடங்கி முழுச் சுமையையும் தாங்குகிறது, மீடியம் ஹெவியும் அந்த நிலையில் முறியும். ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, மறு கையால் வலையை நீட்டுங்கள்.

அணைக்கரையை ஒட்டிய கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. மாட்டிய லூரை எடுக்க அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம், நரம்பை அறுத்துவிடுங்கள்.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். நம் வயல்களில் பம்பு செட்டுக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தாழத் தொங்குகின்றன, வாய்க்கால் கரைகளின் மேலேயே குறுக்கே போகின்றன. எறியுமுன் ஒவ்வொரு முறையும் தலைக்கு மேலே பாருங்கள், கரை மாறி நடக்கும்போது ராடைப் பிரித்துக் கையில் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இடி கேட்டால் உடனே சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.